படிக்கு அங்கால்

அலியாருக்கு எப்போதும் இடுப்புதான் முதலில் எழும்பும். ஆள் கண் விழிப்பதற்கு முன்னரே அது விழித்து, வலது பக்கத்தால் இறங்கி, தொடையின் பின்புறமாகப் போய், குதிக்காலில் குந்திக்கொள்ளும். கல்பிட்டி வீதியில் உள்ள குழிகள், கிடங்குகள் ஒன்று மிச்சமில்லாமல் அந்த இடுப்புக்குத் தெரியும். முச்சக்கர வண்டியின் முன் ஆசனத்தில் தேய்ந்த இடுப்பு அது.

அன்று காலையும் அது எழும்பியது. ஆனால் அலியார் கிடந்தது வீட்டில் இல்லை. பள்ளிவாசலுக்குள், மூலைத் தூணோடு ஒட்டி விரித்த பாயில். கை தானாகத் தலைமாட்டைத் தடவியது. போன் இல்லை. திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது: போன் அஸ்ஜத் மவ்லவியின் அலுமாரிக்குள் இருக்கிறது, வண்டி வீட்டு முற்றத்தில் றெக்சீன் மூடிக் கிடக்கிறது, பத்து நாளைக்கு ஓட வேண்டிய ஓட்டம் ஒன்றும் இல்லை. அவர் திரும்பப் படுத்தார். இடுப்பு மட்டும் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருந்தது.

றமழானின் கடைசிப் பத்தும் பள்ளியை விட்டு வெளியேறாமல், வீட்டையும் தொழிலையும் ஊர்க் கதையையும் வெளியே விட்டுவிட்டு இஃதிகாப் இருப்பது வயது போனவர்களின் வேலை என்றுதான் ஊர் நினைத்திருந்தது. போன வருடம் இருந்த இரண்டு பேரில் ஒருவர் மௌத்தாகிவிட்டார், மற்றவருக்கு எழும்பி நடக்க ஏலாது. இந்த வருடம் ஆள் அலியார் ஒருவர்தான்.

அவராக விரும்பி வந்தவரும் இல்லை. அது நேர்ச்சை.

தை மாதம் நடந்தது. இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய், காற்றுப் பட்டத்தில் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர் இரண்டு பேரை ஆலங்குடா ஹோட்டலில் இறக்கிவிட்டு வரும்போது விடியற்காலைச் சுபஹுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். முகத்தைக் கழுவி, ஒரு பிளேன்ரீ குடித்து, அப்படியே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போனார். நித்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அலியாரின் வழக்கம். அந்தப் பிறகு பல வருடங்களாக வரவே இல்லை. நுரைச்சோலைப் பக்கம், வெங்காயத் தோட்டத்துக்கு அருகே வீதி வளைகிற இடத்தில் கண் மூடியது அவருக்கே தெரியாது. திறக்கும்போது வண்டி வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். ஒருத்தி மட்டும் கத்தவில்லை. சிபானாவின் மகள் நஸ்ஹா.

சேற்றுக்குள் முழங்காலிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அலியார் உரத்த குரலில் சொன்னார்: "யா அல்லாஹ், இந்தப் புள்ள கண் முழிச்சா, வாற றமழான்ட கடைசிப் பத்தும், ஒரு நாளும் விடாம, பள்ளியில இஃதிகாப் இரிப்பன்."

ஏன் அது வாயில் வந்தது என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறார். ஆடு நேர்ந்திருக்கலாம், கந்தூரி நேர்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் அவருடைய உடம்புக்குத் தேவைப்பட்டது எதுவோ, அதுதான் வாயால் வெளியே வந்தது போல.

நஸ்ஹா இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு தன்னுடைய மற்றச் சப்பாத்து எங்கே என்று கேட்டாள்.

ஊர் கூடி நின்றபோது சிபானா மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கதைதான் கதைத்தாள். "நித்திர வந்தா படுக்கிற. புள்ளயள ஏத்துறல்ல." அதற்குப் பிறகு அவள் அலியாரோடு கதைக்கவில்லை. மகளைத் தானே நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். வீதியில் அலியாரின் வண்டி வந்தால் பிள்ளையைக் கரைப்பக்கம் மாற்றிப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை மாறுவதைக் கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் அலியார் கடந்து போனார்.

பத்து நாள் என்று சொன்னதும் ஆலங்குடா ஹோட்டல் மனேஜர் ஜூட் தலையில் கைவைத்தான்.

"பத்து நாளோ? அலியார் அண்ணே, எனக்கு ஒரு நாள் லீவு தாறதுக்கே ஆள் இல்ல."

"நேர்ச்ச தம்பி. மனுசனுக்கு வெச்ச வாக்கு எண்டா உங்கட்ட இப்பிடிக் கேட்டு நிக்க மாட்டன்."

"சரி, காத்து விழுந்து வெள்ளைக்காரர் குறைஞ்ச காலம் எண்டபடியா விடுறன். அடுத்த வருஷமும் இதே கதையோட வராதீங்க. வேற ஆளைப் பார்த்துருவன்."

மனைவி ஜெய்னம்புக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. போய் ஆறு வருடம், இடையில் இரண்டு தடவை வந்து போனாள். வெள்ளிக்கிழமைகளில், எஜமானி படுத்த பிறகு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு எடுப்பாள். அந்த அழைப்பில் என்ன சமைத்தாய், என்ன தின்றீர்கள், மழையா வெயிலா என்பதைத் தவிர பெரிய கதை எதுவும் இருக்காது. அலியாருக்கு ஒரு கிழமையில் அதுதான் கதை.

"பத்து நாளைக்கு எடுக்காத. போன மவ்லவிக்கிட்ட குடுத்துடுவன்," என்றார்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடப் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்காவது கிடைச்சிச்சே," என்றாள் ஜெய்னம்பு. "நல்லாப் படுங்க. நான் எங்க போய் இஃதிகாப் இரிக்கிற? இந்தக் குசினியிலயா?" சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், லைன் வெட்டுப்பட்டது.

பள்ளிக்கு வந்த முதல் மாலை அஸ்ஜத் மவ்லவி அவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லையைக் காட்டினார். மவ்லவி இளம் ஆள், அலியாரை நானா என்று அண்ணன் முறை வைத்து அளந்து கதைக்கிறவர்.

"அலியார் நானா, இந்தப் படி வரைக்கும்தான் பள்ளி. தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்க, கக்கூசுக்கு எண்டு போகலாம், அது ஆகும். நோன்புக் கஞ்சி காய்ச்சிற அந்தக் கொட்டில் பள்ளிக்குச் சேராது, காணி பாயிஸ் ஹாஜியார்ட வாப்பாக்குச் சொந்தம். கொட்டிலுக்கோ, ரோட்டுக்கோ, வேற வேலைக்கோ படிக்கு அங்கால கால் வெச்சா இஃதிகாப் முறிஞ்சிடும். நேராமச் சும்மா இரிக்கிறவருக்கு எண்டா பரவாயில்ல. நீங்க நேர்ந்திரிக்கிறீங்க. முறிச்சா திரும்ப இரிந்து கழாச் செய்யணும்."

"நான் எங்க போகப் போறன் மவ்லவி?" என்றார் அலியார். "எனக்குப் படுக்க விட்டாப் போதும்."

படுத்தார். முதல் மூன்று நாளும் படுத்த படுக்கைதான். தொழுகைக்கு எழும்புவார், ஓதுவார், குர்ஆனை மூடி வைத்த கையோடு சாய்ந்துவிடுவார். ஒரு நாள் நண்பகல், லுஹர் தொழுகைக்கு முன்னால் வந்த பாயிஸ் ஹாஜியார் தூணடியில் நின்று பார்த்தார். பள்ளி நிர்வாகத்தின் செயலாளர் அவர். வெள்ளைச் சேர்ட்டும் அத்தர் வாசமும் அவருக்கு முன்னால் வரும்.

"அலியார், இது இஃதிகாபா, கொறட்டயா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் நிய்யத் வெச்சன் ஹாஜியார்," என்றார் அலியார் கண்ணைத் திறக்காமல்.

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார்.

நாலாம் நாள் நித்திரை தீர்ந்துபோனது. பல வருடக் கடன் இவ்வளவு சீக்கிரம் தீரும் என்று அலியார் எதிர்பார்க்கவில்லை. லுஹர் முடிந்து ஆட்கள் போனார்கள். செருப்புகள் எல்லாம் போய், படியடியில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. மேலே மின்விசிறி. வெளியே வேலிக்கு அப்பால் ஒரு தண்ணீர்ப் பம்ப். அது நின்ற பிறகு கடல் கேட்டது. இந்த ஊரில் கடல் கேட்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அமைதி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆலங்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அதைத் தேடித்தான் வருவதாக ஜூட் சொல்வான். அவர்களுக்கு அமைதி எப்படி இருக்குமோ தெரியாது. அலியாருக்கு அது வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வீட்டைப் பற்றிக் கேட்டது. வீட்டில் கழுவிக் கவிழ்த்த ஒரு பீங்கான், ஒரு கோப்பை. ஜெய்னம்பு போகும்போது கொடியில் போட்ட ஒரு முந்தானைத் துணி இன்னும் கொடியில்தான். அவர் அந்த வீட்டில் இருந்து சாப்பிடுவதே இல்லை, நின்றுகொண்டு சாப்பிட்டுவிட்டு ஓடுவார். ஓட்டம் எல்லாம் காசுக்கு என்றுதான் நினைத்திருந்தார். அரைவாசி ஓட்டம் அந்த வீட்டுக்குள் உட்காராமல் இருப்பதற்கு என்று இங்கே, தூணடியில், வேறு வேலை இல்லாமல் இருக்கும்போதுதான் விளங்கியது. விளங்கியதால் ஒரு நிம்மதியும் வரவில்லை.

போன் அடிப்பது போலக் கேட்கும். எழும்பி உட்காருவார். அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து மவ்லவி கதவைச் சாத்த வரும்போது அலியார் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"மவ்லவி, போன ஒருக்கா ஒன் பண்ணிப் பாக்க ஏலுமா? கதைக்க இல்ல. எடுத்தாவா எண்டு மட்டும்."

மவ்லவி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஹோட்டல்ல இருந்து எடுத்திரிக்கி. வேற இல்ல நானா."

எடுக்காதே என்று சொன்னது அவர்தான். சொன்னபடி அவள் எடுக்கவில்லை. அதில் கோபிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றிரவு அலியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தார், பார்க்க யாரும் இல்லாத இடத்தில்.

அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் கொட்டில் பக்கம் சத்தம் கேட்டது. கஞ்சி காய்ச்சுகிற முபாறக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, அரிசியையும் போட்டுவிட்டு, மனைவிக்குப் பிள்ளைப் பேற்று வலி என்று போன் வர, அகப்பையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டான். அஸ்ஜத் மவ்லவி அவனைத் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாயிஸ் ஹாஜியார் வெள்ளைச் சேர்ட்டோடு கொட்டில் வாசலில் நின்று அங்கும் இங்கும் பார்த்தார். புகை அவருடைய கண்ணுக்குள் போனது. பெண்களும் பிள்ளைகளும் வாளிகளோடு வேலி ஓரம் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஹாஜியார் படியடிக்கு வந்தார்.

"அலியார்! நீ சும்மாதானே இரிக்கிறாய்?"

அந்தச் சும்மா அலியாருக்குச் சுருக்கென்றது. வாழ்நாளில் யாரும் அவரைப் பார்த்துச் சொல்லாத சொல்.

"நான் படிக்கு அங்கால வர ஏலாது ஹாஜியார். மவ்லவி சொன்ன."

"என்ன கத இது? பள்ளிக் கொட்டில்தானே. கஞ்சி ஆருக்குக் காய்ச்சிற? நோன்பாளிக்கி. நீ உள்ளுக்க இரிந்து ஓதுற நன்மய விட இது பெரிய நன்ம."

"காணி பள்ளிட இல்லயாமே. உங்கட வாப்பாடயாம்."

"என்ட வாப்பாட எண்டா என்ட. நான்தானே கூப்பிடுறன், வா!"

"நீங்க ஒருக்கா கிண்டுங்களேன் ஹாஜியார்."

"எனக்கு முழங்கால் ஏலா எண்டு ஊருக்கே தெரியும்."

அடிப் பிடிக்கிற வாசம் வந்தது. முதலில் இலேசாக. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் வேகிற வாசத்துக்கு அடியில் ஒரு கருகல். அலியார் படியின் விளிம்பில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் நின்றார். மவ்லவி விரலை நீட்டிக் காட்டிய இடம் இது. உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தால் ஹாஜியார் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு வேறு யாரையாவது பிடித்திருப்பார். வேலியோரம் நின்ற பெண்களில் நாலு பேருக்குக் கஞ்சி கிண்டத் தெரியும். கஞ்சி கருகினாலும் ஊர் ஒரு நாள் பாணும் வாழைப்பழமும் தின்று நோன்பு துறந்திருக்கும்.

ஆனால் கை தாங்கவில்லை. நேற்றிரவிலிருந்து அந்தத் தூணடியில் உட்கார அவருக்குப் பயமாக இருந்தது. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற அந்தச் சத்தமில்லாத ஒன்றைவிட்டு எழும்பி ஓடுவதற்கு, யாராவது ஒரு வேலையைத் தூக்கித் தரமாட்டார்களா என்று அவருடைய உடம்பு காத்துக்கொண்டுதான் இருந்தது.

"தள்ளுங்க ஹாஜியார்," என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்.

விறகை வெளியே இழுத்தார். சாரத்தை மடித்துக் கட்டி, அகப்பையை இரண்டு கையாலும் பிடித்து அடியோடு வழித்துக் கிண்டினார். வியர்வை ஊற்றியது. இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்குள் வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு சந்தோஷம் தோளுக்கும் முதுகுக்கும் வந்தது. கஞ்சி பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, "வாளிய நீட்டுங்க, ராணிமாரே!" என்று சத்தம் போட்டார். பெண்கள் சிரித்தார்கள்.

வரிசையில் சிபானா வந்தாள். நீல வாளி.

"நீங்களா இண்டக்கி?"

"ஓம்."

"பாத்து. கண்ண மூடிக் கெடாரத்துக்குள்ள விழுந்திடாம."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அலியாரும் சிரிக்க வேண்டி வந்தது. தைக்குப் பிறகு அவள் அவரோடு கதைத்த முதல் கதை அது.

"பூண்டு விழாம மேலால அள்ளுங்க. மகளுக்கு ஒத்துக்கொள்ளா."

மேலால் அள்ளினார். இரண்டு அகப்பைக்குப் பதிலாக மூன்று ஊற்றினார். "புள்ள எப்பிடி?" என்று வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நல்லா இரிக்கிறா. வாகனம் சடார் எண்டு நிண்டா மட்டும் திடுக்கிடுறா." சிபானா வாளிக்கு மூடி போட்டாள். போகத் திரும்பியவள் நின்றாள். குரல் தணிந்திருந்தது. "எங்கட புள்ளக்கி வெச்ச நேர்ச்சயாமே. பள்ளியில பத்து நாளும் இரிக்கிறீங்களாம் எண்டு சொன்னாங்க. கேட்டதில இருந்து மனசு கொஞ்சம் ஆறிச்சி. எத்தின நாள் முடிஞ்சி?"

அலியார் குனிந்து கீழே பார்த்தார். அவருடைய இரண்டு காலும் சாம்பலுக்குள் நின்றன. படி அவருக்குப் பின்னால் இருந்தது. கொட்டிலின் தகரத்துக்கு அப்பால், எட்டி வைத்தால் பத்து எட்டு இருக்கும்.

"சொல்லுங்களேன்," என்றாள் சிபானா.

"இரிக்கிறன்," என்றார் அலியார். அது அவளுடைய கேள்விக்கு மறுமொழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நோன்பு துறந்து மஃரிப் தொழுத பிறகுதான் மவ்லவி வந்து சேர்ந்தார். முபாறக்குக்கு ஆண் பிள்ளை என்று எல்லோருக்கும் சொன்னார். அலியார் மூலைத் தூணடியில், சுருட்டிய பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். ஹாஜியார் கூப்பிட்டதைச் சொன்னார். பிறகு, "கூப்பிட்டதுக்காகப் போகல்ல மவ்லவி. எனக்குப் போகணும் போல இரிந்த," என்றும் சொன்னார்.

மவ்லவி அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். "நேரும்போது என்ன சொல்லி நேர்ந்தீங்க? அப்பிடியே சொல்லுங்க."

"றமழான்ட கடைசிப் பத்தும், ஒரு நாளும் விடாம."

"ஒரு நாளும் விடாம எண்டு வாயால சொன்னீங்களா?"

"சத்தமாச் சொன்னன். புள்ளயள் எல்லாம் கேட்டது."

மவ்லவி தாடியைத் தடவினார். சொல்ல அவருக்கு விருப்பமில்லை. "அப்ப தொடர் அறுந்துட்டு நானா. மிச்ச நாளுக்கு இரிந்தா நன்ம கிடைக்கும். நேர்ச்ச நீங்காது. அது முதல்ல இருந்து இரிக்கணும், அடுத்த றமழான்ல."

கதவோரம் நின்ற பாயிஸ் ஹாஜியார் முன்னால் வந்தார். "எனக்கு இவ்வளவு சட்டம் தெரியா மவ்லவி. தெரிஞ்சா நான் கூப்பிடுவனா?"

"அவர் வர ஏலாதெண்டு சொன்னவர்தானே ஹாஜியார்," என்றார் மவ்லவி.

ஹாஜியார் இருமிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார். "அதுக்கென்ன, அடுத்த வருஷம் இரிந்தாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மவ்லவி இருக்கச் சொன்னார். அலியார் அன்றிரவு இருந்தார். பாயை விரித்தார், படுத்தார், கடலைக் கேட்டார். நேர்ச்சை இருந்தபோது அந்த அமைதியை அவர் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அது வெறும் பாயும் தூணும். விடியுமுன், ஸஹர் சாப்பாடு முடிந்த பிறகு போனைக் கேட்டு வாங்கினார். பெருநாளைக்கு ஆட்கள் ஊருக்கு வருகிறார்கள், எப்படியும் வண்டியை எடுக்கச் சொல்லி ஜூட் குரல் பதிவு அனுப்பியிருந்தான். ஜெய்னம்புவிடமிருந்து ஒன்றும் இல்லை. அலியார் படியில் உட்கார்ந்து அவளுக்கு எடுத்தார். குவைத்தில் இன்னும் ஸஹர் நேரம், குசினியில்தான் நிற்பாள்.

"என்னங்க? முடிஞ்சா?" பயந்த குரல்.

"இல்ல. முறிஞ்சிட்டு."

"என்னத்துக்கு முறிஞ்ச?"

"கஞ்சி கிண்டப் போனன்."

அவள் சிரித்தாள். பாத்திரங்களுக்கு நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு, நன்றாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "உங்களுக்குச் சும்மா இரிக்கத் தெரியா," என்றாள். "எனக்கும் தெரியாமப் போயிரிக்கும். அங்க வந்தா நான் என்ன செய்வன் எண்டு சில நேரம் யோசிக்கிற."

"வந்தாப் பாக்கலாம்."

"ம்." தண்ணீர் ஓடியது. "கூப்பிடுறாங்க. வெக்கிறன்."

அலியார் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். றெக்சீனை இழுத்து எடுத்து மடித்தார். முன் ஆசனத்தில் உட்கார்ந்ததும் இடுப்பு தன்னுடைய இடத்தை அடையாளம் கண்டு, வலது பக்கத்தால் இறங்கி, குதிக்காலில் போய்க் குந்தியது. வளைவைத் தாண்டும்போது சிபானா மகளோடு தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளையை அவள் கரைப்பக்கம் மாற்றவில்லை. கையைத் தூக்கி, போங்கள் என்பதுபோல் காட்டினாள். அலியார் ஹோர்ன் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கடந்தார்.

நஸ்ஹா கண் விழித்ததற்காக அலியார் அல்லாஹ்வுக்குக் கொடுக்க வேண்டிய கடன், றமழானின் கடைசிப் பத்து நாள் இஃதிகாப், ஒரு நாளும் விடாமல், அப்படியே இருக்கிறது.